ஒரு மணி நேரம்கூடக் காயாத குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

குழந்தைகள் நலப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும், அப்பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும்,

சென்ற மாதம் என் மகளின் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தபோது, பதிவு செய்யும் இடத்துக்கு மேலே புதிதாக ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சிறுநீரால் துணியை நனைக்கிறார்கள் என்பதற்காக இனி மருத்துவரைப் பார்க்கப் பதிவு கிடையாது, பயிற்சித் தாளை வாங்கிச் சென்று 6 மாதம் கடைப்பிடியுங்கள், அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் வாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அறிவிப்பை நீங்கள் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சித் தாள் எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. நனையாத நாளுக்குச் சூரியன், நனைந்த நாளுக்கு மேகம் வரைய வேண்டும். மூன்று தாள்களிலும் என் மகள் வரைந்தது மேகங்கள் மட்டும்தான். மூன்றாவது தாளின் பாதியில் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நான் வேணும்னு பண்ணலம்மா" என்றாள். அப்போது அவளுக்கு 5 வயது. எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்தது. ஆனாலும் மறுநாள் அவளை மறுபடியும் அந்தத் தாளின் முன் உட்கார வைத்தேன், நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக.

அவள் பிறந்ததிலிருந்தே நனைந்துகொண்டிருந்தாள். இரவில் மட்டும் இல்லை, விளையாட்டு மும்முரத்தில் அடக்க மறந்தும் இல்லை. துணி மாற்றிப் பத்து நிமிடத்தில் மறுபடி ஈரம். நின்றால் சொட்டும், இருமினால், சிரித்தால், ஓடினால் கூடுதலாக வரும். படுத்திருக்கும்போது மட்டும் சற்றுக் குறையும். 2 வயதில் சொன்னேன், "சின்னக் குழந்தைதானே" என்றார்கள். மூன்றரை வயதில் சொன்னேன், பயிற்சி போதவில்லை என்றார்கள். 4 வயதில் சிறுநீரில் கிருமி என்று மாத்திரை தந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஐந்து முறை ஆன்டிபயாடிக். 5 வயதில், இரவில் நனைந்தால் மணியடிக்கும் கருவி, பிறகு டெஸ்மோபிரெசின். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து அது. பகலெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று நான் கேட்டேன். "குடுத்துப் பாருங்கம்மா" என்பதுதான் பதில். 6 வயதில் மனநல ஆலோசகரிடம் அனுப்பினீர்கள். வீட்டில் சண்டை உண்டா, அவளை அடிப்பீர்களா என்று அவர் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தனக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை வைத்துத்தான் அவர் கேட்டார்.

என் மகளின் மருத்துவக் கோப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 7 வயது முடிவதற்குள் இந்தப் பிரச்சினைக்காக 11 முறை மருத்துவரிடம் போயிருக்கிறோம். 7 மருத்துவர்கள், அதில் நான்கு பேர் உங்கள் பிரிவைச் சேர்ந்தவர்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பிறந்த அன்று எழுதிய குறிப்பில் பிறப்புறுப்பு என்ற இடத்துக்கு எதிரே 'இயல்பு' என்று இருக்கிறது.

நீ பார்க்கவில்லையா என்று என்னைக் கேட்கலாம். தினமும் குளிப்பாட்டியவள் நான்தான். அவள் என் முதல் குழந்தை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறு குழந்தை இல்லை. பெண் குழந்தை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குற்றவுணர்ச்சி என்னை விட்டுப் போகாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் படித்தவர்கள் நீங்கள்.

ஸ்கேன் எடுக்கவில்லையா என்றால், எடுத்தோம், மூன்று முறை. சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று மூன்று அறிக்கைகளும் சொல்லின. மூன்றிலும் கடைசியில் ஒரே வரி: 'சிறுநீர்ப்பை போதுமான அளவு நிரம்பாததால் முழுமையாக மதிப்பிட முடியவில்லை.' தண்ணீர் கொடுக்காமல் கூட்டி வந்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கினேன். மூன்றாம் முறை வாந்தி எடுக்கும் வரை அவளைக் குடிக்க வைத்தேன். அப்போதும் நிரம்பவில்லை. அது நிரம்பவே முடியாத பை என்பதை அந்த மூன்று அறிக்கைகளும் தம் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தன. அதை ஒரு குறையாகத்தான் படித்தார்கள், அடையாளமாக யாரும் படிக்கவில்லை. கருவில் இருக்கும்போதே இப்படி ஒரு அடையாளம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்த நிலையில் உருவாகும் பிளாடர் எக்ஸ்ட்ரோபி என்னும் குறைபாட்டில், பனிக்குட நீர் சரியாக இருக்கும், சிறுநீரகங்கள் நன்றாக இருக்கும், எத்தனை முறை பார்த்தாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை மட்டும் தெரியாது. அது தெரியாததே கண்டுபிடிப்புக்கான வழி.

இன்னொரு சாட்சியும் என்னிடம் இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம். 9 நாள், காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை, காய்ந்த வெள்ளைத் துணி வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து எழுதினேன். 9 நாளில் அரை மணி நேரம் தொடர்ந்து காய்ந்திருந்த பொழுது ஒன்றுகூட இல்லை. அந்த நோட்டை உங்கள் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் புரட்டிவிட்டு, "இப்படிக் கண்காணிச்சா குழந்தைக்கு டென்ஷன்தான் ஆகும்" என்று திருப்பித் தந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். என் மகளுக்கு அப்போது 7 வயது 4 மாதம். எப்போதும் ஈரமாக இருந்ததால் தொடையிடுக்கில் தோல் வெந்து புண்ணாகி, அதற்கு மருந்து வாங்க வந்திருந்தோம். அந்தப் பெண் முதலில் என் மகளிடம், "நான் பாக்கலாமா கண்ணு? வேணாம்னா சொல்லு, அம்மா பக்கத்துலயே இருப்பாங்க" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, "இது பழக்கம் இல்லம்மா. பிறந்ததுலருந்தே வழி சரியா உருவாகல" என்றார்.

எபிஸ்பேடியாஸ் என்று பெயர். பிளாடர் எக்ஸ்ட்ரோபி குடும்பத்தைச் சேர்ந்தது, அதைவிட லேசான வடிவம். சிறுநீர் வெளியேறும் பாதையின் மேல்சுவர் மூடாமலே இருந்துவிடுகிறது. பாதையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தசைவளையமும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் சரியாக அமைவதில்லை. பெண் குழந்தைகளில் இது மிக மிக அரிது. ஏறத்தாழ 4,84,000 பெண் பிறப்புகளில் ஒன்று என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால் அரிது என்பது வேறு, கண்ணுக்குத் தெரியாதது என்பது வேறு. பிறப்புறுப்பின் மேற்பகுதி இரண்டாகப் பிரிந்திருக்கும், சிறுநீர்த் துவாரம் அகன்று திறந்திருக்கும். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஒரு விளக்கும் ஒரு நிமிடமும் போதும்.

அதன் பிறகு எல்லாமே வேகமாக நடந்தன. இடுப்பு எக்ஸ்ரேயில் முன்னெலும்புகள் இரண்டுக்கும் நடுவே இயல்பைவிட அகலமான இடைவெளி தெரிந்தது. சாயம் ஏற்றி எடுக்கும் எம்.சி.யூ. படத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்து திறந்தே கிடந்தது. மயக்கம் கொடுத்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு நீங்கள் பயன்படுத்தும் கணக்கு எனக்கும் இப்போது மனப்பாடம்: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். 7 வயதுக்கு 240 மில்லி. என் மகளுடையது 60 மில்லிதான் கொண்டது. வாசல் மூடாத பையில் எதுவும் தேங்காது, தேங்காத பை விரிந்து வளராது. முன்பே வந்திருந்தால் வளர அவகாசம் கிடைத்திருக்குமா என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். "கிடைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லோடு நான் ஆறு வருடமாக வாழ்கிறேன்.

முதலில் பாதையையும் கழுத்தையும் சீரமைத்தார்கள். கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சிறுகுடலின் ஒரு பகுதியை எடுத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கி, குடல்வாலை வைத்துத் தொப்புளுக்கு ஒரு வழி அமைத்தார்கள். குடல்வாலால் வழி அமைக்கும் அந்த முறை 1980இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மிட்ரோபனோஃப் வெளியிட்டது. இப்போது அவளுக்கு 13 வயது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தொப்புள் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை விட்டு அவளே சிறுநீரை எடுத்துக்கொள்கிறாள். குடல் திசு சளியைச் சுரந்துகொண்டே இருக்கும் என்பதால் பையை அவ்வப்போது கழுவ வேண்டும். கழுவாவிட்டால் கல் சேரும். அந்த வேலை அவளுக்குப் பிடிக்காது, ஆனால் செய்கிறாள். அவள் காய்ந்திருக்கிறாள். முதல் முறையாக ஈரமில்லாமல் விழித்தெழுந்த காலையில் அவள் பேசாமல் படுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகத் தோன்றவில்லை.

உங்கள் அறிவிப்பின் காரணம் எனக்குப் புரிகிறது. 5 வயதில் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் காய்ச்சலோடு வரும் குழந்தையை நீங்கள் பார்க்க முடியாது. காலையில் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், உங்கள் களைத்த முகங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைகள் நடுவில் காய்ந்திருப்பார்கள். நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்று இருக்கும். காயாமலே இருக்கும் குழந்தை அந்த வரிசையைச் சேர்ந்தது இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை. குழந்தைகளின் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசச் சங்கமான ஐ.சி.சி.எஸ். தன் சொல்வரையறையில் 'தொடர் கசிவு' என்று இதைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. மற்ற நனைப்புகளுக்கு 5 வயது என்ற வரம்பு வைக்கும் அதே சங்கம், தொடர் கசிவுக்கு வயது வரம்பே வைக்கவில்லை. 5 வயதுக்குக் கீழும் அந்தச் சொல் பொருந்தும் என்கிறது, ஏனென்றால் அதன் பின்னால் பெரும்பாலும் பிறவிக் குறைபாடுதான் இருக்கும். உங்கள் அறிவிப்போ எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு, 7 வயது வரை மூடி வைக்கிறது.

இந்த ஆறு வருடத்தில் சிறுநீரியல் பிரிவின் காத்திருப்பு அறையில் நான் சந்தித்த தாய்மார்களிடம் கேட்டதையும் எழுதுகிறேன். ஒரு பெண் குழந்தை நேரத்துக்குக் கழிப்பறை போய் நன்றாகவே சிறுநீர் கழிப்பாள், வந்ததும் சொட்டத் தொடங்கிவிடும். கழிக்கத் தெரிகிறதே, அப்படியென்றால் சோம்பேறித்தனம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பைக்குள் திறக்காமல், அதற்குக் கீழே தவறான இடத்தில் திறந்திருந்தது. சாதாரண ஸ்கேனில் பிடிபடாமல், சிறுநீர்ப் பாதையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. யூரோகிராமில்தான் தெரிந்தது. ஒரு சிறுவன் சிறுநீர் கழிக்கும்போது முக்குவான், தாரை வராது, சொட்டுச் சொட்டாக விழும். அவன் கழிப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. பாதையில் பிறவியிலேயே இருந்த சவ்வு வால்வு 4 வயதில் கண்டுபிடிக்கப்பட்டபோது சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. அவனுடையது அப்படியொன்றும் அரிய நோய்கூட இல்லை. 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. இன்னொரு கைக்குழந்தையின் தொப்புள் ஆறவே இல்லை என்று மாதக்கணக்கில் பவுடர் போட்டிருக்கிறார்கள். அந்த ஈரம் சிறுநீர். சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் இடையே கருவில் இருந்த குழாய் மூடாமலே இருந்திருக்கிறது.

ஓச்சோவா நோய்க்குறி என்ற ஒன்றைப் பற்றியும் படித்தேன். அந்தக் குழந்தைகள் சிரிக்கும்போது முகம் அழுவது போலக் கோணும். கூடவே சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாது, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதாகும். கொலம்பியாவில் பெர்னார்டோ ஓச்சோவா என்ற மருத்துவர் அந்தச் சிரிப்பையும் அந்தச் சிறுநீர்ப்பையையும் சேர்த்துப் பார்த்தார். அதற்குக் காரணமான மரபணு தெரிய வந்தது பின்னால்தான், 2010இல். முதலில் வந்தது ஒரு குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்த கண்கள்.

அவசரப் பிரிவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்ற வருடம் ஓர் இரவு அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி. பெரிதாக்கப்பட்ட சிறுநீர்ப்பை கிழிந்துவிடும் ஆபத்து உண்டு, உடனே பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே பணியில் இருந்தவர் வாயுத் தொல்லை என்றார். தொப்புளில் இருக்கும் துளை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. கீழ்வழியில் கதீட்டர் போடப் போனார். அங்கே இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்று நான் கத்த வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்தது லேடெக்ஸ் என்னும் ரப்பரால் ஆன கையுறை. சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கதீட்டரும் அறுவை சிகிச்சையுமாக வளரும் இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. நல்லவேளையாகப் பை கிழியவில்லை, சளி அடைத்திருந்தது, கழுவியதும் சரியாயிற்று. ஆனால் நான் உடன் இல்லாத ஓர் இரவில் இது நடந்தால் அவளுக்காக யார் கத்துவார்கள்?

நான் கேட்பவை இவை. அந்த அறிவிப்பை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கூட்டத்தைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பதிவு செய்யும் இடத்தில் அமர்ந்திருப்பவர் தாயிடம் சில கேள்விகள் கேட்கட்டும். குழந்தை பகலில் ஒரு மணி நேரமாவது காய்ந்திருக்கிறதா? ஆண் குழந்தை என்றால் சிறுநீர் தாரையாக வருகிறதா, முக்குகிறானா? அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்ததா? பதிலில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்தக் குழந்தைக்கு வயது பார்க்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க இடம் கொடுங்கள்.

சிறுநீர்ப் பிரச்சினை என்று எந்தக் குழந்தை வந்தாலும் முதல் வருகையிலேயே பிறப்புறுப்பையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்த்து எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். முதுகில் ஒரு குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பார்க்காமல் 'இயல்பு' என்று எழுதாதீர்கள், 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். அடுத்த மருத்துவராவது பார்ப்பார். ஸ்கேன் அறிக்கையில் சிறுநீர்ப்பை நிரம்பவில்லை என்று இரண்டாவது முறை வந்தால் தாயைத் திட்டுவதற்கு முன் சிறுநீரியல் நிபுணரைக் கூப்பிடுங்கள். தாய் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தால் படியுங்கள்.

சிறுநீர்ப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கு ஓர் அட்டை கொடுங்கள். என்ன செய்யப்பட்டிருக்கிறது, எந்த வழியாகக் கதீட்டர் போட வேண்டும், லேடெக்ஸ் கூடாது, வயிற்றுவலி என்றால் உடனே யாரை அழைக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கும் அந்த அட்டை என்னவென்று சொல்லிக்கொடுங்கள்.

இதை எழுதி முடித்ததும் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றியது, அவள் சம்மதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன். இரண்டு இடங்களில் வரிகளை அடித்துவிட்டாள். கடைசியில் தன் கோரிக்கை ஒன்றையும் சேர்க்கச் சொன்னாள். பார்ப்பதற்கு முன்னால் குழந்தையிடம் கேட்க வேண்டும், திரை போட வேண்டும், அறையில் தேவைக்கு மேல் ஆட்கள் நிற்கக் கூடாது. நோய் கண்டுபிடித்த பிறகு அரிய கேஸ் என்று சொல்லி ஒரே காலையில் 14 மாணவர்கள் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் சிறுநீரக ஸ்கேனுக்காக அவளை அழைத்து வருகிறேன். பதிவு செய்யும் இடத்தில் நின்று அந்தச் சுவரைப் பார்ப்பேன். அதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்